அக்காவுக்குக் கொடுக்க நினைத்த பங்கு

நான் அந்த மருத்துவமனைக்கு முதலில் போனது நோயாளியாக அல்ல, கொடுக்கப் போனவளாக. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அங்கே ஒருவர்கூட அதை நம்பவில்லை. கல்லீரல் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் விஜி அக்காவும் நானும் நுழைந்தால், உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து எனக்குத்தான் நாற்காலி கொடுப்பார்கள். அக்கா கொத்தவரங்காய் மாதிரி இருப்பாள். நான் தொண்ணூற்று நான்கு கிலோ. "பைட்டியே ஆன்ட்டி" என்று ஒருவர் உட்காரச் சொல்லி எழுந்து நிற்க, "நோயாளி நானில்லை, இவள்" என்று நான் இந்தியில் விளக்க, அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்க, அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்த நாட்களில் அவள் சிரித்ததே அதற்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அக்காவுக்கு வந்தது சாப்பாட்டால் வந்த நோய் அல்ல. உடம்பின் காவல் படையே ஆள் தெரியாமல் அவளுடைய கல்லீரலைத் தாக்கிக்கொண்டிருந்தது. பல வருஷம் மாத்திரையில் ஓட்டினாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் ரத்த வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு மருத்துவர்கள் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்கள்: கல்லீரலை மாற்றவேண்டும். நெருங்கிய உறவு ஒருவர் தன் கல்லீரலில் ஒரு பங்கை வெட்டிக் கொடுக்கலாம். கொடுத்தவருக்கும் வளரும், வாங்கியவருக்கும் வளரும். அத்தானுக்குச் சர்க்கரை, ரத்த வகையும் சேரவில்லை. மிஞ்சியது இரண்டு பேர். நாற்பத்து நான்கு வயதில் நான். இருபத்து நான்கு வயதில் அக்காவின் ஒரே மகள் நித்யா, குர்காவ்னில் ஒரு கம்பெனியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தவள்.

நான் தேறினால் நித்யாவின் வயிற்றில் கத்தி படாது. தேறாவிட்டால் படும். அடுத்த மூன்று மாதமும் இந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அக்கா மகளைக் காப்பாற்றுவதற்காக மட்டும்தான் நான் துடித்தேன் என்று எழுதினால் அது பாதி உண்மை. அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினேழு. திருநெல்வேலியிலிருந்து அவள் கல்யாணமாகி தில்லிக்கு வந்ததும், மத்திய அரசுத் தேர்வு எழுதி நானும் பின்னாலேயே வந்துவிட்டேன். ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தா வேலை, ராமகிருஷ்ணபுரத்தில் ஓர் அறை குவார்ட்டர்ஸ், இரண்டு பிளாக் தள்ளி அக்கா வீடு. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் என்னைக் காட்டிலும் நான் உட்கார்ந்த சோபாவுக்காகத்தான் அதிகம் கவலைப்பட்டார்கள். என் உடம்பில் முக்கால்வாசி அக்காவின் சமையல். அவள் இத்தனை வருஷம் எனக்குள் போட்டதில் ஒரு துண்டு திரும்பி அவளுக்குள் போய் வளரவேண்டும் என்று எனக்கு ஏக்கமே பிடித்துவிட்டது. ஆபீசில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துப் பார்ப்பேன். இது அக்காவுடையது என்று தோன்றும்.

சோதனைகள் தொடங்கின. ரத்தம் மட்டும் ஒரே நாளில் எத்தனை குப்பி எடுத்தார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். உடன்பிறந்தவள்தான் என்று நிரூபிக்கப் பழைய புகைப்படம் கேட்டார்கள். பாவாடை கட்டிய இரண்டு பெண்கள் ஸ்டூடியோவில் முறைத்துக்கொண்டு நிற்கும் படத்தைக் கொடுத்தோம். அந்தப் படத்தில் நான்தான் ஒல்லி. அங்கிருந்த பெண் குமாஸ்தா படத்தையும் என்னையும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நீலத் தலைப்பாகையும் வெள்ளைத் தாடியுமாக ஒரு சர்தார்ஜி. இந்தியில்தான் பேசுவார், அவசரமே படமாட்டார்.

"உங்கள் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் தண்ணீர் டாங்கி இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இருக்கிறது."

"யாராவது மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டால்?"

"கீழ் வீட்டுச் சுவரெல்லாம் ஈரமாகும். சண்டை வரும்."

"உங்கள் உடம்பில் இருபது வருஷமாக மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. வழிந்ததெல்லாம் கல்லீரலில் இறங்கியிருக்கிறது" என்றார்.

எனக்குப் புரியும்வரை அவர் விளக்கினார். நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். தோலுக்கடியிலும் வயிற்றுக்குள்ளும் இருக்கிற கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. அதுவும் வேலை செய்கிற ஓர் உறுப்புதான். மிஞ்சிய சாப்பாட்டைப் பத்திரப்படுத்துவதும், கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சேதி அனுப்புவதும் அதன் வேலை. கொஞ்ச நாள் மிஞ்சினால் சமாளித்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் மிஞ்சினால் அந்தக் கொழுப்பு அணுக்கள் உப்பிக்கொண்டே போகும். அளவுக்கு மீறி உப்பிய அணுவுக்குப் பிராணவாயு சரியாக எட்டாது, சில செத்துப்போகும். செத்ததை அப்புறப்படுத்தக் காவல் அணுக்கள் வந்து சுற்றி நிற்கும். வந்தவை வேலை முடிந்து கிளம்பாமல் அங்கேயே தங்கிவிடும். அவை கக்குகிற ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகும். இதற்கு அழற்சி என்று பெயர். அடிபட்ட இடம் சிவந்து வீங்குகிறதே, அதே காரியம்தான். ஆனால் இது வெளியே தெரியாது, காய்ச்சல் அடிக்காது, வலிக்காது. இடம் போதாத கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கும், அழற்சியும் கூடவே போகும்.

"வலிக்கவே இல்லையே டாக்டர் சாகிப்" என்றேன், ஏதோ அவர்மேல்தான் தப்பு என்பதுபோல.

"அதுதான் இதில் மோசம்" என்றார்.

இந்தக் கல்லீரலை வெட்டினால் அக்காவுக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. ஆனால் கல்லீரல் நல்ல பிள்ளை, சொன்னால் கேட்கும், எடை குறைந்தால் அதிலுள்ள கொழுப்பும் குறையும் என்றார். மூன்று மாதம் தருகிறேன், உன் அக்கா அதுவரை தாக்குப்பிடிப்பாள், வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் முக்கால் கிலோ இறக்கு, அதற்குமேல் வேண்டாம் என்று விரலை ஆட்டிச் சொன்னார். "ஜல்தி மத் கர்னா." அவசரப்படாதே. இந்தி தெரியாது என்று என்னால் சாக்குச் சொல்ல முடியாது. நன்றாகவே புரிந்தது.

முதல் ஆறு வாரம் நான் உத்தமி. காலையில் பார்க்கைச் சுற்றி நடந்தேன். ஆபீஸ் கான்டீன் சமோசாவுக்கு எதிரில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றேன். அக்கா வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் முகத்தைப் பார்க்காமல் இரண்டு இட்லியோடு கையைக் கழுவினேன். எடை குறைந்தது, ஆனால் நத்தை வேகத்தில். அக்காவோ என் கண்ணெதிரே வேகமாகக் கரைந்துகொண்டிருந்தாள். கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்து நிற்பாள். ஒருநாள் என்னை அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன்.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் மிளகு விரதம் என்று ஒன்று உண்டு. காலையில் சில மிளகை மென்று தண்ணீர் குடிப்பது, அன்றைக்கு அவ்வளவுதான். ஆறு நாள் அப்படி இருந்து, சூரசம்ஹாரம் பார்த்து, மறுநாள் திருக்கல்யாணம் முடிந்த பிறகே சாப்பாடு. எங்கள் ஏரியா முருகன் கோவிலில் அதற்கென்றே ஒரு கூட்டம் சேரும். நான் அதில் போய்ச் சேர்ந்துகொண்டேன். அக்காவுக்காக வேண்டிக்கொண்டேன், அது நிஜம். ஆறு நாளில் மளமளவென்று எடை இறங்கும் என்று கணக்குப் போட்டதும் நிஜம். முருகனை வைத்து டாக்டரை ஏமாற்றப் பார்த்தேன்.

டயட் என்றால் எங்கள் ஆட்களில் ஆயிரம் பேர் புத்தி சொல்வார்கள். விரதம் என்றால் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். அக்கா மட்டும் படுத்த படுக்கையில் முனகினாள்.

"ஏட்டி பானு, எனக்காவ நீ பட்டினி கெடக்காத. முகமெல்லாம் ஒட்டிப் போச்சு."

"நேந்துகிட்டேன்க்கா. பாதியில விட்டா சாமிக் குத்தம்."

அதற்குமேல் அவளால் என்ன சொல்லமுடியும்? அந்த வாயடைப்பில் எனக்கு ஒரு வெற்றிகூடத் தெரிந்தது. திருக்கல்யாணம் முடிந்த பிறகும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மறுபரிசோதனைக்கு எட்டு நாள்தான் இருந்தது. காப்பியும் மோருமாக ஓட்டினேன்.

அதற்குள் அக்காவை அதே மருத்துவமனையில் ஐந்தாவது மாடியில் சேர்த்துவிட்டார்கள். மறுபரிசோதனை அன்றைக்குப் பனிப்புகை இறங்கி, எதிர் பிளாக்கே தெரியாத காலை. மாஸ்க்குக்குள் சிரித்துக்கொண்டே எடை மெஷினில் ஏறினேன். எண்பத்தொன்று. நர்ஸ் புருவத்தை உயர்த்தினாள். இறங்கக் கால் வைத்தேன். தரை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. கண் விழித்தபோது கையில் ஊசி ஏறியிருந்தது, தலைக்குமேலே மூன்றாவது மாடியின் பொது வார்டு விளக்கு. கொடுக்க வந்தவளுக்கு ஒரு கட்டில் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு வாரம் இருந்தேன். இரண்டாம் நாள் கல்லீரலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்தார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே மரத்துப்போகும் ஊசி போட்டு, மூச்சை அடக்கு என்று சொல்லி, சடக்கென்று ஒரு நீள ஊசியை விட்டு எடுப்பார்கள். வலியைவிட அந்தச் சத்தம்தான் பயமுறுத்தும். பிறகு சில மணி நேரம் வலது பக்கமாகவே அசையாமல் படுக்கவேண்டும். படுத்துக்கொண்டு சுவரையே பார்த்தேன். இந்தச் சுவர் மேலே போய் அக்காவின் கட்டிலைத் தொடுமா என்று யோசித்தேன். இரண்டு மாடிதான். தில்லிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே இருந்ததைவிட அந்த இரண்டு மாடி எனக்குத் தூரமாக இருந்தது.

அத்தான் படிக்கட்டில் ஏறி இறங்கியே இளைத்தார். பேச்சுக் குறைந்த மனிதர். ஒரு வேளை எனக்குக் கஞ்சி, மறு வேளை அவளுக்கு. ஒருமுறை டிபன் டப்பாவில் பாதி ஆரஞ்சு கொண்டுவந்து வைத்தார்.

"விஜி குடுத்துவிட்டா. அவளுக்குத் தந்தத. நீ திங்கணுமாம்" என்றார்.

சுளைகளை ஒவ்வொன்றாக நார் நீக்கி வைத்திருந்தாள். நடுங்குகிற கையால் அதற்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்! போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன், அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் டாக்டர் வந்து கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல சேதியை நின்றுகொண்டே சொல்லிவிடுவார்கள்.

ஸ்கேனில் கொழுப்பு குறைந்துதான் இருந்தது. ஆனால் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் முன்னைவிட ஏறிக் கிடந்தன. கல்லீரல் அணுக்கள் அடிபடும்போது ரத்தத்தில் கசிகிறவை அவை. துணுக்கில் அழற்சி தெளிவாகத் தெரிந்தது, மெல்லிய தழும்பு இழைகளும் ஓடத் தொடங்கியிருந்தன.

"எவ்வளவு நாள் சாப்பிடவில்லை?" என்று கேட்டார்.

சொன்னேன். மிளகையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பட்டினி கிடந்தால் உடம்பு கிடங்கைத் திறந்து ஒரேயடியாகக் கொட்டுகிறது, அதெல்லாம் கல்லீரலின் தலையில்தான் போய் விழுகிறது, ஏற்கெனவே அழற்சி இருக்கிற கல்லீரலால் தாங்கமுடியாது என்றார். மெதுவாக இளைத்திருந்தாலும் தழும்பு இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்வதற்கில்லை. நெடுநாள் பருமனாக இருந்த உடம்பு இளைத்தாலும், கொழுப்புத் திசுவுக்குள் குடியேறிய காவல் அணுக்கள் உடனே பழையபடி ஆகிவிடுவதில்லை, நெடுங்காலம் அந்தப் பழைய நிலையையே நினைவில் வைத்திருக்கின்றன என்று சொல்லிவிட்டு, மகளிடம் பேசுவதுபோல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பேட்டீ, உன் அக்காவால் இன்னும் ஒரு மாதம் காத்திருக்க முடியாது. உன்னை இனிமேல் என் நோயாளியாக எழுதிக்கொள்கிறேன்."

அன்று மாலை நான் ஒரு பொய் சொன்னேன். பித்தக் குழாய் அமைப்புச் சரியில்லை, பிறவியிலேயே அப்படி, அதனால் எடுக்கமுடியாது என்று அத்தானிடம் சொன்னேன். என் அவசரத்தால்தான் அவர் மகள் வெட்டுப்படப் போகிறாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மறுநாளே நித்யாவுக்குச் சோதனைகள் தொடங்கின, அவசரம் என்பதால் மூன்றே நாளில் முடித்தார்கள். எல்லாம் பொருந்தியது. என் வார்டுக்கு ஓடிவந்து, "சித்தி, நான் பாஸ்!" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள். பரீட்சை முடிவு மாதிரிதான் அதைச் சொன்னாள்.

என்னை வீட்டுக்கு அனுப்புகிற அன்று, எங்கள் வார்டு மலையாளி நர்ஸ் யாருக்கும் சொல்லாமல் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து ஐந்தாவது மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். வார்டில் கிடந்த என்னைத் தொற்று பயத்தால் உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் நான். போனில் பேசினோம்.

"பானு, உன் குழாய் சரியில்லேன்னு வருத்தப்படுதியா?" என்றாள்.

"ம்."

"கோட்டிக்காரி. அது என்ன உன் குத்தமா?"

கண்ணாடியில் அவள் கையை வைத்தாள். நான் வைக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. விடிகாலையில் முதலில் நித்யாவையும், பிறகு அக்காவையும் உள்ளே கொண்டுபோனார்கள். அத்தானும் நானும் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அவர் கையில் மகளின் மூக்குத்தியும் மனைவியின் தாலியும் ஒரே கைக்குட்டையில் முடிச்சாக இருந்தன. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. பகல் மூன்று மணிவாக்கில் நித்யா நலம் என்றார்கள். அக்காவின் சேதி வர விளக்கு வைத்து வெகுநேரமாயிற்று. புதுக் கல்லீரல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று ஓர் இளம் டாக்டர் வந்து சொன்னபோது அத்தான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். அதற்கு அடியில், அது என்னுடையது இல்லையே என்று ஒரு குரல் அழுதது. அந்த நேரத்தில் அப்படி நினைத்தவள் மனுஷியா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன்.

எட்டாம் நாள் நித்யாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தான் ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததால் அவளை என் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிவந்தேன். நானும் என் டாக்டரின் சாப்பாட்டு அட்டவணையை இந்த முறை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் ஒரே சமையல். குனியக்கூடாது என்பதால் அவளுக்கு நானே தலை சீவி, கால் கழுவிவிட்டேன். கட்டு மாற்றும்போது அந்தத் தையலைப் பார்ப்பேன். நெஞ்சுக் குழியிலிருந்து வலப்பக்கமாக வளைந்து போகும். பாவமாகவும் இருக்கும், பொறாமையாகவும் இருக்கும்.

ஒரு நாள் மதியம், பால்கனியில் நல்ல வெயில். அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குழாய் பொய், மிளகு நிஜம், டாக்டர் சொன்னது, நான் கேட்காதது.

"நான் அவசரப்படாம இருந்திருந்தா உன் வயித்துல கத்தி பட்டிருக்காதுட்டி."

அவள் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

"மாலூம் சித்தி, தெரியும்" என்றாள், தில்லியில் வளர்ந்தவளின் இந்தி கலந்த தமிழில். "ஹாஸ்பிட்டல்ல என் நம்பர்தான குடுத்திருந்தோம், உங்க ரிப்போர்ட் எல்லாம் என் போன்லதான் வந்தது. டாக்டர்கிட்ட போய் அதுக்கு மத்லப் என்னன்னு கேட்டேன்."

"பெறவு ஏன்ட்டி எங்கிட்ட ஒண்ணும் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீங்க கோயில்ல ஃபாஸ்ட் இருந்தீங்க இல்ல, அப்போ நானும் பின்னாடி வந்து நின்னேன். நீங்க ஃபெயில் ஆகணும்னு வேண்டிக்கிட்டேன்."

நான் பாயிலிருந்து நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சண்டே மம்மி தோசை சுட்டா ஃபர்ஸ்ட் தோசை யாருக்கு? சித்தி வரட்டும், சித்தி வரட்டும். என் பர்த்டே கேக்கூட நீங்க ஆபீஸ்லேர்ந்து வந்தாதான் கட் பண்ணுவாங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே நீங்க வந்துட்டீங்க. ஒரே ஒரு தடவை, மம்மிக்கு நான் ஃபர்ஸ்ட்டா இருக்கணும்னு ஆசையா இருந்தது சித்தி. அவ்ளோதான்." பிறகு, "நீங்க அங்க விழுந்ததும் ரொம்ப டர், பயமாயிடுச்சு. நான் வேண்டினதாலதான்னு நினைச்சேன்" என்றாள்.

அவளுடைய இருபத்து நான்கு வருஷத்திலும் நான் ஒரு நாற்காலியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரும் எழச் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவள் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டேன். அவள் கடலைத் தோல் ஒட்டிய கையை என் தலைமேல் வைத்தாள்.

அப்போது என் போன் அடித்தது. வீடியோ கால். திரையில் அக்கா, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு. கண்ணில் மஞ்சள் இல்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வெள்ளை விழியோடு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி பானு, சாப்ட்டியா?"

பக்கத்தில் நித்யா தலை நிமிராமல் அடுத்த கடலையை உரித்தாள்.

"எங்கிட்டக் கேக்காதக்கா" என்றேன். "மொதல்ல உம் மவகிட்டக் கேளு."

போனை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து உள்ளே போனேன். சாதம் சுடவைக்கவேண்டும் என்று சாக்கு. தாயும் மகளும் இந்தியிலும் தமிழிலுமாகப் பேசுவதும், நடுவில் ஒருத்தி அழுவதும், இன்னொருத்தி அதட்டுவதும் கேட்டது. பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. என் முறை வரட்டும் என்று அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.